சாப்பாட்டுக் கோளாறுக்கு கவர்மெண்ட் ஆஸ்பத்திரில எந்த வாசல்ல நுழையணும்?

போன மாசம் எங்க தெரு கடைசி வீட்டு சித்தி என்னய நிறுத்தி வச்சு கேட்டாங்க, "ஏந் தம்பி, பாப்பா சரியாவே சாப்பிட மாட்டேங்குது, சாப்பிட்டாலும் கொல்லப்பக்கம் போயி வாந்தி எடுத்துட்டு வருது, இதுக்கெல்லாம் அந்த காப்பீட்டு அட்ட செல்லுமா?"ன்னு. நானும் பதில் சொல்ல வாயத் தொறந்தேன், "செல்லும் சித்தி, ஆனா அட்டயே தேவப்படாது, ஆனா அட்ட மட்டும் இருந்தாலும் பத்தாது"ன்னு வந்துச்சு. அவங்க என்னய பாத்த பார்வ இருக்கே. சரி, உக்காந்து ஒழுங்கா எழுதிடுவோம்னுதான் இது.

நான் டாக்டர் இல்ல, நீடாமங்கலம் பக்கம் ஒரு உரக்கடைல கணக்கு எழுதுறவன். எங்க அக்கா பொண்ணுக்கு இது வந்து ஒன்னர வருசம் அலைஞ்சதுல தெரிஞ்சுகிட்டதுதான் எல்லாம்.

மொதல்ல இது என்னன்னு பாத்துருவோம். ஈட்டிங் டிசார்டர்னா சாப்பாடு, எடை, உடம்பு பத்தின நெனப்பு ஒரு ஆள புடிச்சு ஆட்டுறது, அதுல உடம்பும் கெடும் படிப்பு வேல உறவுன்னு எல்லாமும் கெடும். இதுல வகை உண்டு. சாப்பாட்ட கொறச்சுகிட்டே போயி உடம்பு வத்திப் போறது அனோரெக்சியா. நெறய சாப்பிட்டுட்டு பயந்துபோயி வாந்தி எடுக்குறது, இல்லன்னா பேதி மாத்திர போடுறது, இது புலிமியா. நிறுத்த முடியாம அள்ளி அள்ளி சாப்பிட்டுட்டு அப்பறம் தனியா உக்காந்து கூனிக்குறுகிப் போறது பிஞ்ச் ஈட்டிங். ஆர்ஃபிட்னு இன்னொன்னு, அதுல குண்டாயிடுவோம்ங்கற பயமே இருக்காது, சாப்பாட்டோட வாசன, பதம், தொண்டைல சிக்கிடும்ங்கற பயம், இந்த மாதிரி எதுனாலயோ சாப்பாடு எறங்காது. புலிமியா, பிஞ்ச் ஈட்டிங் இருக்கறவங்க பல பேரு பாக்க சாதாரணமாத்தான் இருப்பாங்க, ஒல்லியா இருந்தாத்தான் இந்த நோய்னு நெனைக்கறது பெரிய தப்பு, பசங்களுக்கும் வரும், கல்யாணம் ஆனவங்களுக்கும் வரும்.

"அப்ப எங்க அப்பாயி வாரத்துக்கு ரெண்டு நாள் பட்டினி கெடக்குமே அதும் நோயா"ன்னு ஒருத்தன் கேட்டான். இல்ல. விரதத்துக்கு ஒரு முடிவு உண்டு, ஏகாதசி இருந்தா துவாதசி காலைல பாரணை, சஷ்டி இருந்தா ஏழாம் நாள் சாப்பாடு. அக்கா பொண்ணு விசயத்துல எங்களுக்கு மொதல்ல உறுத்துனதே அங்கதான், கந்த சஷ்டிக்கு ஆறு நாள் விரதம்னு இருந்துச்சு, சிக்கல் முருகன் கோயிலுக்கு கூட்டிட்டுப் போயி சாமி பாத்துட்டு வந்தோம், ஏழாம் நாள் அக்கா பாயசம் வச்சு எல போட்டுச்சு, இது உக்காரல. எட்டாம் நாளும் உக்காரல. விரதம் முடிஞ்சுபோச்சு, இது மட்டும் முடியல.

அதுக்கு அப்பறம் ஒரு கல்யாணத்துல பக்கத்து எலைல உக்காந்து பாத்தேன். கூட்டு, பொரியல், அவியல் எல்லாம் வாங்குது, சோத்த பெசையுது, வாய் அசையுது, ஆனா எலைல இருக்கறது கொறயவே இல்ல, இங்கேர்ந்து அங்க தள்ளுது அங்கேர்ந்து இங்க தள்ளுது. ரசத்துக்கு முன்னாடியே எலய மடிச்சுருச்சு, மடிச்ச எல தட்டயா படியாம உப்பிகிட்டு நின்னுச்சு. அத பாத்தப்பதான் இது வயித்து வலி இல்ல வேற என்னமோன்னு எனக்கு பட்டுச்சு.

ஆனா அதுக்கு முன்னாடி நாங்க பண்ணதையும் சொல்லிடணும். தொக்கம் எடுக்க கூட்டிட்டுப் போனோம், சாப்பாடு தொண்டைல ஒட்டிகிட்டு இருக்குன்னு ஒரு அம்மா எடுத்து வேற காமிச்சாங்க. அப்பறம் கண்ணு பட்டுருச்சுன்னு மந்திரிச்சு கயிறு. அப்பறம் ஒரு ஆஸ்பத்திரில ஓபி சீட்டு போடுற எடத்துல "என்னம்மா பண்ணுது"ன்னு கேட்டாங்க, அக்கா "பசிக்கவே இல்லங்க, வயிறு உப்புசமா இருக்கும்ங்குது"ன்னுச்சு, நேரா பொது மருத்துவத்துக்கு அனுப்பிட்டாங்க, கேஸ் மாத்தர ஒரு வாரத்துக்கு, சத்து மாத்தர ஒரு மாசத்துக்கு. இப்படியே மூணு மாசம் போச்சு. நான் அந்த டாக்டர குத்தம் சொல்லல, நாம சொன்னதுக்குத்தான் அவரு மருந்து எழுதுவாரு. நம்ம நாட்டு மனநல டாக்டருங்க பதிவு பண்ணியிருக்க கேஸ்கள்லயே இது உண்டு, "குண்டாயிடுவேன்னு பயமா இருக்கு"ன்னு புள்ளைங்க வாயத் தொறந்து சொல்றது கம்மி, "பசிக்கல, நெஞ்ச கரிக்குது, வாந்தி வருது"ன்னு வயித்து நோய் வேசத்துலதான் வந்து நிக்கும்.

இப்ப விசயத்துக்கு வரேன். நம்ம கவர்மெண்ட்டுல இதுக்கு வைத்தியம் இருக்கா? இருக்கு. இலவசமா? இலவசம். ஆனா "ஈட்டிங் டிசார்டர் பிரிவு"ன்னு போர்டு தேடாதீங்க, தஞ்சாவூர் திருவாரூர் நாகை மயிலாடுதுறைன்னு நம்ம டெல்டா பூரா சுத்துனாலும் நீங்க நுழையப்போற வாசலுக்கு மேல வேற பேருதான் எழுதியிருக்கும், பொது மருத்துவம், மனநலம், கொழந்தைகள் நலம்னு. வைத்தியம் துண்டு துண்டா கெடக்கு, அத ஒட்டவைக்கற வேல வீட்டு ஆளோடது. மேட்டூர்ல ஜூன் 12 தண்ணி தொறந்துட்டாங்கன்னு பேப்பர்ல போட்டுருவான், கடைமடைக்காரன் மம்பட்டியோட வாய்க்கா கரைல போயி நின்னு பாத்தாத்தான் அவன் வயலுக்கு எப்பன்னு தெரியும். அதே கததான்.

மொத துண்டு உடம்பு. கவர்மெண்ட் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி தஞ்சாவூர்ல 1959லேர்ந்து இருக்கு, திருவாரூர்ல 2010ல வந்துச்சு, நாகப்பட்டினத்துல 2022ல. மயிலாடுதுறைக்கு மெடிக்கல் காலேஜ் கெடயாது, அங்க அரசு ஆஸ்பத்திரிதான். இங்கெல்லாம் ஓபி பாக்குறதுக்கோ பொது வார்டுல படுக்கறதுக்கோ அட்ட வேணும் வருமானச் சான்று வேணும்னு இல்ல. ரத்தத்துல பொட்டாசியம், சோடியம், பாஸ்பரஸ், சுகர், அப்பறம் ஒரு ஈசிஜி, நாடித்துடிப்பு, படுத்துகிட்டு ஒரு தடவ நின்னுகிட்டு ஒரு தடவ பிரஷர், இதெல்லாம் பாக்கணும். வாந்தி எடுத்துகிட்டே இருந்தா பொட்டாசியம் எறங்கும், பொட்டாசியம் எறங்குனா இதயம் தாறுமாறா துடிக்கும், ஆள் பாக்க நல்லா இருக்கும்போதே இது நடக்கும்.

ரெண்டாவது மனசு. எல்லா மெடிக்கல் காலேஜ்லயும் மனநலப் பிரிவு இருக்கு. அவ்வளவு தூரம் போக முடியலன்னா மாவட்ட மனநலத் திட்டம்னு ஒன்னு ஓடுது, இது 1996ல நாட்டுல நாலே நாலு மாவட்டத்துல ஆரம்பிச்சது, இப்ப நம்ம பக்கமெல்லாம் இருக்கு. மனநல டாக்டர், உளவியலாளர், சமூகப் பணியாளர்னு ஒரு டீம், அவங்க தாலுக்கா ஆஸ்பத்திரி, ஆரம்ப சுகாதார நிலையம்னு மொற வச்சு குறிப்பிட்ட நாள்ல வருவாங்க. நம்ம ஊரு ஆஸ்பத்திரிக்கு எந்தக் கெழம வராங்கன்னு முன்னாடியே நர்ஸம்மாகிட்ட கேட்டு வச்சுக்கங்க, கேக்காம போனா திரும்பி வரணும், நாங்க ரெண்டு தடவ திரும்பி வந்தோம். மாத்தரயும் அங்கயே குடுப்பாங்க. மாத்தர பத்தி ஒன்னு, புலிமியாவுக்கு ஃப்ளுவாக்செட்டின்னு ஒரு மருந்து ஓரளவு கேக்கும்னு நல்லாவே நிரூபணம் ஆயிருக்கு, அது வெல கம்மியான பழைய மருந்துதான். அனோரெக்சியாவ கொணப்படுத்துற மாத்தரன்னு ஒன்னு கெடயாது, அதுக்கு சாப்பாடுதான் மருந்து. சாப்பிட வைக்கறதுக்கு துணையா பேச்சு, குடும்பம், நேரம்.

மூணாவது பணம், அதாவது அந்த அட்ட. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், குடும்ப வருமானம் வருசத்துக்கு 1,20,000 ரூபாய்க்குள்ள இருந்தா சேரலாம், விஏஓகிட்டேர்ந்து வருமானச் சான்று, ரேசன் அட்ட, ஆதார் எடுத்துகிட்டு கலெக்டர் ஆபீஸ்ல இருக்க காப்பீட்டு மையத்துக்குப் போனா பதிஞ்சு குடுப்பாங்க, சந்தேகம்னா 1800 425 3993க்கு போன் போட்டா காசு புடிக்காது. 2018லேர்ந்து மத்திய அரசோட ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டோட சேந்து ஓடுது, குடும்பத்துக்கு வருசத்துக்கு 5 லட்சம் வரைக்கும். இதுல ஒரு சூட்சுமம் இருக்கு. ஆயுஷ்மான் பேக்கேஜ் பட்டியல்ல, அதாவது எந்தெந்த வைத்தியத்துக்கு பணம் குடுப்பாங்கங்கற பட்டியல்ல, போயி சாப்பாட்டு நோய்னு தேடுனா கெடைக்காது. மனநோய் பகுதில "உடலியல் மாற்றங்களோட சேர்ந்த நடத்தைக் கோளாறுகள்"னு அர்த்தம் வர்ற மாதிரி ஒரு வரி கெடக்கும், அதுக்குள்ளதான் நம்ம ஆளு ஒளிஞ்சிருக்காரு, ஏன்னா டாக்டருங்க நோய்க்கு நம்பர் போடுற ஐசிடி-10 புத்தகத்துல ஈட்டிங் டிசார்டரெல்லாம் எஃப்50, அந்த வரி எஃப்50லேர்ந்து எஃப்59 வரைக்கும் உள்ளது. அந்த மனநோய் பேக்கேஜ் கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்குன்னே ஒதுக்கி வச்சது, அதனால அட்டய காமிச்சு பிரைவேட்ல இதுக்கு அட்மிசன் போடலாம்னு கணக்கு போடாதீங்க. உடம்பு ரொம்ப மோசமாகி பொட்டாசியம் எறங்கி ஐசியுன்னு போனா அது வேற தலைப்புல வரும், அத ஆஸ்பத்திரி காப்பீட்டு கவுண்டர்ல இருக்கறவங்ககிட்ட நேரா கேட்டுக்கங்க. எப்படி இருந்தாலும் அட்ட பெட்டுல படுத்தாத்தான் பேசும். வாராவாரம் போயி உக்காந்து பேசிட்டு வர்ற கவுன்சிலிங்குக்கு அது வாயத் தொறக்காது.

சொந்தக் காசுல பாலிசி எடுத்தவங்களுக்கும் இதே கததான். 2017 மனநல சட்டத்துல 21ஆம் பிரிவு, உடம்பு நோய்க்கு என்ன மாதிரி காப்பீடோ அதே மாதிரி மனநோய்க்கும் குடுக்கணும்ங்குது, எல்லா பாலிசியும் 2022 அக்டோபர் 31க்குள்ள அதுக்கு ஏத்த மாதிரி மாறணும்னு காப்பீட்டு கம்பெனிகள கண்காணிக்கற ஐஆர்டிஏஐ கெடு வச்சுச்சு. இருந்தாலும் பெரும்பாலான பாலிசி படுக்க போட்டாத்தான் காசு குடுக்கும்.

அந்த சட்டத்த பத்தி இன்னும் ரெண்டு வார்த்த. அதுல 18ஆம் பிரிவு, கவர்மெண்ட் நடத்துற எடத்துல மனநல வைத்தியம் கேக்கறது உங்க உரிமைங்குது, வறுமைக் கோட்டுக்கு கீழ இருக்கவங்களுக்கு அந்த வறுமைக் கோட்டு அட்ட கைல இல்லன்னாலும் காசு வாங்கக் கூடாதுங்குது. மாவட்டத்துல கவர்மெண்ட் வசதியே இல்லன்னா அதே மாவட்டத்துல வேற எடத்துல பாத்துட்டு அந்த செலவ கவர்மெண்ட்டே ஏத்துக்கணும்னும் எழுதியிருக்கு. எழுதியிருக்கறது எழுதியிருக்கு, அப்படி காச கைல வாங்குன ஆள நான் இன்னும் பாக்கல. 23ஆம் பிரிவு ரகசியம் பத்தினது. "மனநலப் பிரிவுக்கு போனா நாளைக்கு மாப்ள வீட்டுக்கு தெரிஞ்சுருமே"ன்னு எங்கக்கா ரெண்டு மாசம் இழுத்தடிச்சுச்சு, உங்க சம்மதம் இல்லாம ஆஸ்பத்திரிக்காரங்க வெளில சொல்லக்கூடாதுன்னு சட்டத்துலயே இருக்கு. ஊர்ல சொல்றது யாருன்னா டவுன் பஸ்ல கூட வந்த சொந்தக்காரங்கதான், அதுக்கு எந்த சட்டமும் இல்ல.

இப்ப நெசமான ஓட்ட எங்கங்கறத சொல்றேன். டாக்டர பாக்குறது இலவசம், டெஸ்ட்டு இலவசம், மாத்தர இலவசம். ஆனா இந்த நோய்க்கு உண்மயான வைத்தியம் பேச்சும் சாப்பாட்டு திட்டமும், அதுக்கு தேவ மணிக்கணக்கான நேரம். இங்கிலாந்துல டாக்டருங்களுக்கு வழிகாட்டுற 2017 அறிக்கைல பெரியவங்களோட அனோரெக்சியாவுக்கு 40 வாரத்துல 40 சிட்டிங் வரைக்கும்னு போட்டிருக்கான், சின்ன வயசுன்னா குடும்பத்தயே உக்கார வச்சு அம்மா அப்பா கைல சாப்பாட்டு பொறுப்ப குடுத்து ஒரு வருசத்துல 18லேர்ந்து 20 சிட்டிங். ஆஸ்திரேலியாவுல இத கவர்மெண்ட்டே எண்ணி குடுக்குது, 2019 நவம்பர் 1லேர்ந்து அங்க மெடிகேர்ங்கற அரசு காப்பீட்டுல தகுதி உள்ளவங்களுக்கு 12 மாசத்துல 40 தடவ உளவியல் சிகிச்சைக்கும் 20 தடவ டயட்டீசியனுக்கும் மானியம். குடும்ப டாக்டர் ஒரு திட்டம் எழுதித் தருவாரு, அத வச்சு போகலாம், 10 தடவைக்கு ஒரு தரம் திரும்ப அவரு பாப்பாரு. அங்கயும் பூரா இலவசம் இல்ல, சிகிச்ச குடுக்கறவங்க மானியத்துக்கு மேல கேட்டா மிச்சத்த கைலேர்ந்து கட்டணும். ஆனா ஒன்னு கவனிங்க, இந்த நோய்க்குன்னு பேரு போட்டு, பேச்சும் சாப்பாடும் சேந்தாத்தான் வைத்தியம்னு ஒத்துகிட்டு, எத்தன தடவன்னு எண்ணி வச்சிருக்கான். நம்ம ஊர்ல விலை இல்ல, எண்ணிக்கையும் இல்ல. கூட்டமான ஓபில ஒரு ஆளுக்கு எவ்வளவு நேரம் கெடைக்கும்னு நான் சொல்லத் தேவயில்ல.

அதனால நாங்க என்ன பண்ணோம்னா, மாசத்துக்கு ஒரு தடவ மனநல டாக்டர், ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவ அங்கயே இருக்க உளவியலாளர், நடுவுல போன். 14416, டெலி மானஸ், 2022 அக்டோபர்ல வந்தது, நம்ம மாநிலத்துல "நட்புடன் உங்களோடு மனநல சேவை"ன்னு பேரு, ராத்திரி பகல் எப்ப வேணா கூப்பிடலாம், தமிழ்ல பேசுவாங்க, காசு கெடயாது, தேவப்பட்டா மனநல டாக்டர்கிட்டயும் போட்டுக் குடுப்பாங்க. வேதாரண்யம் முத்துப்பேட்டை பக்கம் உள்ளவங்களுக்கெல்லாம் பஸ் ஏறுறதுக்கு முன்னாடி இதுதான் மொத படி. ராத்திரி சாப்பாட்டு சண்ட முடிஞ்சு அக்கா அழுதுகிட்டே அதுக்கு போன் பண்ணும், புள்ளைக்காக இல்ல, தனக்காக. அதுவும் தப்பில்ல, வீட்டு ஆளுங்களும் பேசலாம். டயட்டீசியன் மெடிக்கல் காலேஜ்ல இருப்பாங்க, ஆனா அவங்களுக்கு வர்ற கூட்டமெல்லாம் சக்கர, கிட்னின்னு சாப்பாட்ட கொறைக்க வந்த கூட்டம், "எங்களுக்கு ஏத்தணும்மா, பயமில்லாம ஏத்தணும்"னு மொதல்லயே சொல்லிடணும், இல்லன்னா எண்ணெய் கம்மி பண்ணுங்கன்னு சீட்டு எழுதிக் குடுத்துருவாங்க. எங்களுக்கு அப்படி ஒன்னு வந்துச்சு, அத புள்ள பத்திரமா மடிச்சு வச்சுகிச்சு பாருங்க, அப்பதான் எனக்கு பகீர்னுச்சு.

ஒரு ஆபத்த மட்டும் கொஞ்சம் நின்னு சொல்லணும். நம்ம ஊர்ல சோந்து விழுந்தா ஒடனே "ஒரு பாட்டில் ஏத்திருவோம்"தான். வாரக்கணக்கா சரியா சாப்பிடாத ஆளுக்கு திடீர்னு குளுக்கோஸ் ஏத்துனாலோ, பாசத்துல ஒரே நாள்ல மூணு வேளயும் திணிச்சாலோ, ஒடம்புல இன்சுலின் பாஞ்சு ரத்தத்துல இருக்க பாஸ்பரஸ் பொட்டாசியம் மெக்னீசியம் எல்லாம் செல்லுக்குள்ள ஓடிரும், ரத்தத்துல வத்திரும், இதயமும் மூச்சும் தடுமாறும், உயிருக்கே ஆபத்து. இதுக்கு ரீஃபீடிங் சிண்ட்ரோம்னு பேரு, ரெண்டாம் உலகப் போர் முடிஞ்சு பட்டினில கெடந்து வெளில வந்த கைதிங்களுக்கு சாப்பாடு போட்டப்ப கண்டுபுடிச்சது. ரொம்ப எளச்சுப்போன ஆளுக்கு சாப்பாட்ட ஆரம்பிக்கறது ஆஸ்பத்திரில, ரத்தம் பாத்துகிட்டே, படிப்படியா. தெருமுன கிளினிக்ல பாட்டில் ஏத்தற எடத்துல "எத்தன நாளா சாப்பிடல"ன்னு நீங்களே சொல்லிடுங்க. எந்திரிச்சா மயக்கம், நெஞ்சு படபடன்னு அடிக்கறது, வாந்தில ரத்தம், தண்ணி கூட எறங்காம போறது, செத்துரலாம்ங்கற பேச்சு, இதுல எது வந்தாலும் ஓபி நாளுக்கு காத்திருக்கக் கூடாது, 108.

சித்திக்கு கடைசில நான் எழுதிக் குடுத்த துண்டுச் சீட்ட இங்கயும் போட்டுடறேன், சீட்டு போடுற எடத்துல பேசறதுக்கு. "பசிக்கல"ன்னு சொல்லாதீங்க. "நாலு மாசமா சாப்பாட்ட கொறச்சுகிட்டே வருது, சாப்பிட்டா வாந்தி எடுக்குது, எட இவ்வளவு எறங்கிருச்சு, தீட்டு இத்தன மாசமா நின்னுபோச்சு, மனநல டாக்டரயும் பாக்கணும், ரத்தத்துல பொட்டாசியமும் ஈசிஜியும் பாக்கணும்"னு சொல்லுங்க. எட, தேதி, வாந்தி எல்லாத்தயும் ஒரு நோட்டுல எழுதிட்டுப் போங்க, ஒவ்வொரு தடவயும் வேற டாக்டர் இருப்பாரு, நோட்டுதான் பழைய ஆளு. புள்ள முன்னாடி எடய சத்தமா படிக்காதீங்க, நோட்ட டாக்டர் கைல குடுத்தா போதும்.

அப்பறம் காலைல ஆறு மணி பஸ்ஸ புடிக்கறப்ப ஒரு டப்பால பதினோரு மணிக்கு சாப்பிட என்ன எழுதிக் குடுத்திருக்காங்களோ அத கட்டிகிட்டுப் போங்க. ஓபி வரிசைல மதியம் ஆயிடும், வைத்தியத்துக்கு போயி சாப்பாட்டு வேளய தவற விட்டுட்டு வந்தா அன்னிக்கு ராத்திரி திரும்பவும் மொதல்லேர்ந்து. நாங்க ரெண்டு இட்லி, பொடி தடவி, அந்த இரும்பு பெஞ்சுலயே. மொத மூணு தடவ அத சாப்பிட அம்பது நிமிசம் ஆச்சு, அக்கா பக்கத்துல உக்காந்து தானும் ரெண்டு இட்லிய அம்பது நிமிசம் சாப்பிட்டுச்சு.